தோட்ட வாசலில் நின்றுபோன மின்கம்பி



1990-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களுக்கு அடுத்தடுத்த எண்கள்: 446, 447. பின்னது மின்சார விநியோகச் சட்டம். அந்த ஆண்டுதான் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. முன்னது தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம். வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்கிறது அது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கம்பத்து வீடுகளுக்கு அரசாங்கப் பணத்தில் கம்பி இழுத்தார்கள். தோட்டம் தனியார் நிலமாம், முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! அவர் ஜெனரேட்டர் வைத்தார். டீசல் அவர் செலவு, நிறுத்தும் நேரமும் அவர் முடிவு. விளக்கு அணைந்தால் பிள்ளையின் படிப்பும் அன்றைக்கு முடிந்தது. கம்பத்தில் மின்சாரம் தடைபட்டால் தெனாகாவைக் கேட்கலாம். லயத்தில் இருப்பவரோ வேலை கொடுத்தவர் மீதே புகார் செய்ய வேண்டும். வேலை போனால் வீடும் போகும். எத்தனை பேர் துணிவார்கள்?

2001-இல் எரிசக்தி ஆணையச் சட்டம் வந்தது. மின் விநியோக உரிமங்களைக் கவனிப்பது அந்த ஆணையம். 446-ஐ அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. ஆகவே இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள். ஒருவர் பெயரில் வேண்டாம், லயத்தார் அனைவரும் கையெழுத்திடுங்கள். விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, எப்போது வந்தது என்பதைத் தேதியோடு இன்றிரவே குறிக்கத் தொடங்குங்கள்.