வேடந்தாங்கலில் ஒரு பகல்

சென்ற மார்கழியில் என் எட்டு வயதுப் பேரனுடன் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு பகல் முழுவதும் உலவினேன். நீரினின்று எழும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. அவை பறப்பதைக் காணும் ஆவலில் பேரன் கல்லொன்றை எடுத்தான்.

"தம்பி, தாய்ப்பறவை அஞ்சி அகன்றால், கூட்டிலுள்ள குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் இரையாகும்" என்றேன்.

"இவ்வூரார் ஏன் இவற்றைக் காக்கிறார்கள், தாத்தா?" என்றான்.

பறவை எச்சம் ஏரிநீரை உரமுள்ளதாக்குகிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கிறது. இதனை அனுபவத்தால் அறிந்த உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையைக் கலெக்டரிடம் கேட்டுப் பெற்றனர். 2022இல் இவ்விடம் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

இவற்றைக் கேட்டபின் பேரன் கல்லைத் தானே கீழே வைத்தான். மாணவர்களே, காரணம் விளங்கினால் கட்டளை வேண்டுவதில்லை.