தாளையும் உரசிப் பாருங்கள்
(வெம்பாக்கம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜரிகையை உரசி, உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்த்தே தரம் சொல்லும் முதியவர்கள் நிறைந்த வட்டாரம் இது. அந்தக் கண்ணும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அதுதான் கார் விற்பனைக் கூடம்!

மூட்டுவலிக்கு மருத்துவமனை போய்வர ஒரு சிறு கார் வேண்டுமென்று நுழைகிறார் பெரியவர். குளிர்ந்த அறை, குளிர்பானம், "ஐயா, அமருங்கள்" எனும் குழைவு! பிறகு வருகின்றன தாள்கள், அத்தனையும் ஆங்கிலம்! விலைக்குமேல் கையாளும் கட்டணம், கேளாத துணைப்பொருள்கள், நீட்டித்த உத்தரவாதம், கடைக்காரர் காட்டும் காப்பீடு. குழித்தறியிலே முதுகு வளைத்துச் சேர்த்த பணம் ஒரே கையெழுத்திலே கரைகிறது. கேட்டால் மரியாதைக் குறைவாகுமோ என்று கூசுகிறார் அவர். அந்தக் கூச்சத்தையே முதலாக்குவோரை வணிகர் என்றழைக்க என் நா தயங்குகிறது!

தம்மிடமே காப்பீடு எடுக்கவேண்டுமென்று விற்பனையாளர் கட்டாயப்படுத்தலாகாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதித்தது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, ரசீது தராமையையும் முறையற்ற வணிகம் என்கிறது. காஞ்சியிலோ சென்னையிலோ வாங்கிய காருக்கு, நம் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே, ஈராண்டுக்குள், வழக்கறிஞரின்றியும் வழக்கிடலாம். 1915 என்ற எண்ணிலே தமிழிலேயே முறையிடலாம்.

தோழர்களே! உங்கள் தெருப் பெரியவர் கார் வாங்கப் புறப்படும் நாளில் ஒருவர் உடன் செல்லுங்கள். தாளைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். "நாளை வருகிறேன்" என்று எழுந்துவர அவருக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்.