கள்வனும் காவலனும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கள்வனையும் காவலனையும் பற்றிப் பேச ஆண்டு விழா மேடைதானா கிடைத்தது என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருள் நம் மொழிக்குப் புதியதன்று. ஆராயாது ஒருவனைக் கள்வனென்று கொன்ற பிழையினால் அரசன் உயிர் துறந்ததையும், மதுரை எரிந்ததையும் சொல்வதன்றோ நம் சிலப்பதிகாரம்!

1954ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலைக்கள்ளன்' படத்தை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நவீனம், மு. கருணாநிதியின் வசனம், ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கம். எம்.ஜி.ஆர். கள்வனாக நடித்தார். அவரைத் தேடி அலையும் போலீஸ் அதிகாரியாக அவருடைய தமையனார் சக்கரபாணியே நடித்தார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அப்படத்திற்குக் கிடைத்தது. அக்கள்வன் மொழி எல்லைகளையும் கடந்தான். தெலுங்கில் 'அக்கி ராமுடு', ஹிந்தியில் 'ஆசாத்', மலையாளத்தில் 'தஸ்கர வீரன்' எனப் பெயர் பூண்டான். 1957இல் 'பெட்டத கள்ள' என்று கன்னடமும் பேசினான்.

அக்கதையில் ஊரார் போற்றும் பெரிய மனிதர்களே உண்மைத் திருடர்கள். திருடன் என்று தேடப்படுபவனோ உத்தமன். ஆதலின் நம் மனம் கூசாமல் அவன் பக்கம் நின்றது.

1995இல் அமெரிக்காவில் 'ஹீட்' என்னும் பெரும்படம் வந்தது. துப்பறியும் அதிகாரியாக அல் பசினோவும், கொள்ளையனாக ராபர்ட் டி நீரோவும் நடித்தனர். இருவரும் எதிரெதிரே அமர்ந்து காப்பி அருந்திப் பேசும் காட்சி அதில் புகழ் பெற்றது. சிகாகோ நகரில் உண்மையாகவே அவ்வாறு ஓர் அதிகாரியும் ஒரு கொள்ளையனும் சந்தித்ததுண்டு. 1964இல் அக்கொள்ளையன் அதே அதிகாரியின் குண்டுக்கு இரையானான். அங்கே மாறுவேடமில்லை, கள்வன் கள்வனே.

இனி நம் வாசலுக்கே வருவோம்.

'மலைக்கள்ளன்' வெளிவந்த அதே 1954இல் 'பேடர கண்ணப்ப' படத்தில் கதாநாயகனாகத் தோன்றியவர் டாக்டர் ராஜ்குமார். 2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், காஜனூரில் தம் இல்லத்திலிருந்த அப்பெருங்கலைஞரை வீரப்பன் கவர்ந்து சென்றான். 108 நாட்கள் அவர் காட்டிலே சிறையிருந்தார். அந்நாட்களில் இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட அச்சத்தை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எவனோ செய்த குற்றத்திற்கு, அவன் பேசிய மொழியைப் பேசும் நாம் தலை குனிந்து நின்றோம். கன்னடச் சகோதரர்களின் வேதனையோ நம்முடையதினும் பெரிது. நவம்பர் 15ஆம் நாள் அவர் விடுதலையான செய்தி கேட்டு இரு மொழியினரும் ஒருசேரப் பெருமூச்செறிந்தனர்.

திரையிலே மலைக்கள்ளனுக்குக் கைதட்டிய நாம், காட்டிலே வாழ்ந்த கள்ளனைக் கண்டு நடுங்கினோம். இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னோமா?

கர்நாடக வன அதிகாரி ஸ்ரீநிவாஸ் என்பவரை அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள். ஆந்திர நாட்டிலே பிறந்தவர். வீரப்பனின் சொந்த ஊராகிய கோபிநத்தத்தில் மக்களுக்கு நன்மைகள் செய்தார். மாரியம்மன் கோயில் எழுப்பவும் துணை நின்றார். கள்வனும் திருந்துவான் என்று நம்பினார். சரணடைவதாக அவன் சொல்லியனுப்பிய சொல்லை மெய்யென்று கொண்டு, ஆயுதமின்றிச் சென்றார். 1991 நவம்பரில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். மறைவுக்குப் பின் கீர்த்தி சக்கர விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவருடைய வீரத்திற்கு எந்த மலைக்கள்ளனின் வீரம் ஈடாகும்?

காவலர் செய்வதெல்லாம் சரியென்பது என் கருத்தன்று. 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனைத் தேடிய ஆண்டுகளில் அதிரடிப் படையினரால் துன்புற்ற 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் பணித்தது. கண்ணகி கேட்ட கேள்வி இன்றும் கேட்கப்பட வேண்டியதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே! கள்வர் படங்களைக் காணாதீர் என்று நான் தடுக்கவில்லை. கண்டு மகிழுங்கள். வீடு திரும்பும்போது பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "அவனால் யார் அழுதார்கள்?" கள்வனைக் குறித்தும் கேளுங்கள், காவலனைக் குறித்தும் கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை தேடக் கற்ற பிள்ளை, எந்த மண்ணில் வாழ்ந்தாலும் நல்ல குடிமகனாக வாழ்வான்; அவனால் நம் மொழிக்கும் தலைகுனிவு நேராது.