முன்னிருப்பும் தடுப்பூசியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் மருத்துவம் பயின்றோமல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வருகின்றோம். ஆயினும், விரைவில் தந்தையாகவிருக்கும் நம் சங்கத்து இளைஞர் ஒருவர், "பி.சி.ஜி. ஊசியால் பயனில்லையென்று நம் செங்கற்பட்டிலேயே கண்டறிந்தனரே. பிறந்த குழந்தைக்கு அதை ஏன் போடவேண்டும்?" என வினவினார். அதற்கு விடை தேடியதே இவ்வுரை.

செய்தி மெய்யே. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே இக்காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வு தொடங்கிற்று. 1979-இல் வெளிவந்த முடிவோ ஏமாற்றமளித்தது: வளர்ந்தோரை நுரையீரல் காசத்தினின்று ஊசி காக்கவில்லை. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய ஆய்விலோ, பள்ளி முடிக்கும் பருவத்தினரிடையே நோய் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஏன் இவ்வேறுபாடு?

அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று கருதத்தக்கது. நம் குருதியில் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உள. ஒருமுறை கண்ட கிருமியை அவை நினைவிற் கொள்ளும். வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசக் கிருமிக்கு உறவான, பெரும்பாலும் தீங்கற்ற கிருமிகள் மிகுதி. அவற்றோடு பழகிய உடலில் நினைவு முன்னரே பதிந்திருக்கும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமியாலானது; உடலுட் சிறிது பெருகினாலன்றி நன்கு பயன் தராது. பழைய டி செல்கள் அதனைப் பெருகுமுன்னரே அழித்துவிடலாம். அன்றிப் பழைய நினைவே ஓரளவு காப்பளித்தலால், ஊசி புதிதாகச் சேர்ப்பது சிறிதாகலாம். 2002-இல் வெளியான ஆய்வொன்றில், ஆப்பிரிக்க மலாவி நாட்டு இளைஞரிடம் ஊசிக்கு முன்னரே இவ்வெதிர்வினை மிகுந்திருந்தது. ஊசிக்குப் பின்னரோ, பிரிட்டானியரிடம் உயர்ந்த அளவு உயரவில்லை.

முன்னிருப்பு என்றும் தடையுமன்று. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய சளிக் கொரோனாக் கிருமிகளோடு தொடர்புடைய டி செல் நினைவு உடையோர், புதிய கொவிட் தடுப்பூசிக்கு ஏனையோரினும் வலிய எதிர்வினை காட்டினர். ஆதலின் பேரேட்டின் முன்னிருப்பைப் பாராது, வரவை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது.

இளைஞருக்கு எம் விடை இதுவே: பிறந்த குழந்தையின் ஏட்டில் அம்முன்னிருப்பு இல்லை. மூளையுறையைத் தாக்கும் காசம், உடலெங்கும் பரவும் காசம் ஆகிய கொடிய வகைகளினின்று இவ்வூசி குழந்தைகளைக் காக்கின்றது. தவறாது போடுக! வளர்ந்தோர்க்குப் புதிய ஊசி வேண்டும். அதனை அவரவர் வாழும் மண்ணிலேயே சோதித்தலும் வேண்டும். செங்கற்பட்டு மக்கள் கை நீட்டி உலகுக்கு அளித்த பாடம் அது. அதனைப் 'பயனில்லை' என்னும் ஒரு சொல்லாகச் சுருக்குதல் நன்றியன்று.