அறம் காத்த வழக்கறிஞர் பி.ஜி. லிம்

(பாயான் பாருவில் நடைபெற்ற அறநிலைய ஆண்டுக் கூட்டத்தில், கல்வி நிதி நன்கொடையாளர்கள் முன் ஆற்றிய உரை)

 

ஆலயத் திருப்பணிக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் வாரி வழங்கும் உங்கள் முன், ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். அவர் தமிழர் அல்லர். நம் சமயத்தவரும் அல்லர். பினாங்குச் சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் அறத்துக்கு இனமும் மொழியும் ஏது? நல்லது செய்தவர் யாராயினும் நம் வணக்கத்துக்கு உரியவரே.

அவர் பெயர் லிம் பாய்க் கான். நாடறிந்த பெயர் பி.ஜி. லிம். 1915-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். லைட் சாலை கான்வென்ட் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கர்ட்டன் கல்லூரியில் சட்டம் படித்தார். அவருக்கு முன்பே ஒரு பினாங்குப் பெண்மணி இந்த வழியைத் திறந்துவிட்டிருந்தார். லிம் பெங் ஹொங் என்ற அந்த அம்மையார் 1926-இல் லண்டனில் பாரிஸ்டராகி, மலாயாவின் முதல் பெண் வழக்கறிஞர் என்ற பெருமையைப் பெற்றார். பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவதே புதுமையாக இருந்த காலம் அது.

பி.ஜி. லிம் வசதியான வீட்டுப் பெண். தந்தை லிம் செங் இயன் வழக்கறிஞர், சட்டசபையிலும் இருந்தவர். அந்த வசதியோடு அவர் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தொழிலாளர் பக்கம் போய் நின்றார். தொழிற்சங்கங்களுக்காக வாதாடினார். நம் தமிழ் மக்கள் பெருவாரியாக உழைத்த ரயில்வேயின் தொழிலாளர் சங்கமும் அவற்றுள் ஒன்று. தொழிற்கட்சியில் சேர்ந்து, 1964 பொதுத் தேர்தலில் வேட்பாளராக நின்று தோற்றார். தோல்வியைக் கண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை.

அவருடைய பெயர் நிலைத்து நிற்பதற்குக் காரணம் 1968-ஆம் ஆண்டு நடந்த ஒரு காரியம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நம் நாட்டோடு மோதல் நடத்தியதை மூத்தவர்கள் அறிவீர்கள். ஊடுருவி வந்த ஆயுதம் தாங்கியவர்களோடு சேர்ந்ததாக நம் நாட்டு இளைஞர்கள் சிலர் பிடிபட்டனர். அவர்களில் 11 பேருக்கு மரண தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் பயனில்லை. இதற்கிடையே 1966-இல் இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன. சண்டையிட்ட அரசுகள் கைகுலுக்கிவிட்டன. இந்த இளைஞர்கள் மட்டும் தூக்குமரத்தை எதிர்நோக்கியிருந்தார்கள்.

இனிச் சட்டத்தில் வழியில்லை என்ற நிலையிலும், அவர்களுக்காக வாதாடிய பி.ஜி. லிம் கோப்பைக் கட்டி வைத்துவிடவில்லை. சட்டத்தின் கதவு மூடினால் கருணையின் கதவு இருக்கிறதே என்று அதைத் தட்டினார். நம் அரசியல் சட்டப்படி, மாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் உரிமை அம்மாநில ஆட்சியாளருக்கு உண்டு. கருணை வேண்டி அவர் முறையிட்டார். ஜொகூர் சுல்தான் மனமிரங்கினார். இளைஞர்களின் உயிர் பிழைத்தது.

அன்பர்களே, சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்று நீதி கேட்டபோது கோவலன் உயிரோடு இல்லை. உண்மை வென்றது, ஆனால் போன உயிர் திரும்பவில்லை. அதனால்தான் உயிர் போகுமுன் ஒருவர் எழுந்து பேச வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை 2023-இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு 55 ஆண்டுகள் முன்பே, கருணைக்கும் இடம் வேண்டும் என்று போராடியவர் இந்தப் பெண்மணி.

1969 மே கலவரத்துக்குப் பின் அமைந்த தேசிய ஆலோசனை மன்றத்தில் அவர் இடம்பெற்றார். 1971-இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு நம் நாட்டின் துணை நிரந்தரப் பிரதிநிதியாகச் சென்றார். மலேசியாவின் முதல் பெண் தூதர் என்ற சிறப்பும் அவருடையதே. பின்னர் கோலாலம்பூர் வட்டார நடுவர் தீர்ப்பு மையத்துக்கு நெடுங்காலம் தலைமை வகித்து, 2013-இல் தமது 97-ஆம் வயதில் மறைந்தார்.

இதை ஏன் இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன்? கல்வி உதவி மனுக்களைப் படிக்கும் குழுவில் நானும் ஒருவன். சட்டம் படிக்க விரும்பும் பெண்பிள்ளைகளின் மனுக்களும் வருகின்றன. பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழில் மண்டலம் தொடங்கிய பிறகு அங்கே இரவும் பகலும் உழைத்த தாய்மார்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். "பெண்பிள்ளைக்கு இத்தனை ஆண்டுப் படிப்பா?" என்று கேட்போர் இன்றும் உண்டு.

பி.ஜி. லிம்முக்குப் பின்னால் ஒரு வசதியான வீடு இருந்தது. நம் பிள்ளைக்குப் பின்னால் யார் இருக்கிறார்? பட்டம் வாங்கியதோடு செலவு முடிவதில்லை. பலர் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டும். அதன்பின் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதம் பயிற்சி பெற வேண்டும். கையில் பணம் புரளாத அந்தக் காலத்தில்தான், "போதும் அம்மா, ஏதாவது வேலைக்குப் போ" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். கரை தெரியும் தூரத்தில் படகு நின்றுவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நம் உதவி முதலாண்டுக் கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்த 9 மாதத்தையும் தாண்டிவிட, போக்குவரத்துக்கும் அறை வாடகைக்கும் கைகொடுப்போம். அன்னதானம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். ஒரு வழக்கறிஞரை உருவாக்கும் தானமோ, நாளை நாதியற்று நிற்கும் யாரோ ஒருவருக்காகப் பேசும் குரலாகும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இல்லங்களிலும் உள்ளங்களிலும் நிறைந்திருப்பானாக.