கனகராயன் ஆற்றின் கணக்கு



மாரிகாலத்திலே கனகராயன்குளத்துக்கு வருபவர் எவரும் முதலிற் கேட்கும் வினா, "ஆற்றிலே தண்ணீர் எப்படி?" என்பதாகும். அதற்கு நம்மவர் கூறும் விடைகளைக் கேட்டால் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். "முழங்காலளவு" என்பார் ஒருவர். "இடுப்பளவு" என்பார் மற்றொருவர். "போன வருடத்தைப் போல இல்லை" என்பார் மூன்றாமவர். யாருடைய முழங்கால், எந்த இடத்தில் நின்ற முழங்கால், எத்தனை மணிக்கு நனைந்த முழங்கால் என்பதை எவரும் கூறுவதில்லை. நெல்லை மரைக்காலால் அளந்தும், நிலத்தைப் பரப்புக் கணக்கிலும் ஏக்கர்க் கணக்கிலும் அளந்தும் பழகிய நாம், இவ்விரண்டுக்கும் ஆதாரமாகிய நீரை மட்டும் உடம்பால் அளந்து வாயாற் கூறி மறந்துவிடுகின்றோம்.

இவ்வாறு சிற்றாறுதான். வவுனியா மாவட்டத்துச் சேமமடுக் குளத்தை அண்டிப் பிறந்து, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அங்கே மிஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் கொண்டுசேர்க்கின்றது. கோடையிலே அதன் மணற்படுகையைச் செருப்பு நனையாமற் கடக்கலாம். ஆயினும் வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இந்தச் சிற்றாற்றின் வரவையே நம்பியிருக்கின்றது. இரணைமடு 1902இல் கட்டத் தொடங்கி 1920ஐ ஒட்டி நிறைவெய்தியது. பின்னர் அதன் கட்டு பலமுறை உயர்த்தப்பட்டது. இன்று அது ஓர் இலட்சம் ஏக்கர் அடிக்கு மேலான நீரைத் தாங்குவது. அதனை நம்பி விளையும் வயல் இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது. நமது ஊரைக் கடந்து செல்லும் நீர் சில மணி நேரத்தின் பின் அங்குள்ளவர்களின் நன்மையாகவோ தீமையாகவோ மாறுகின்றது. ஆகவே மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

2018 டிசம்பர் 21ஆந் திகதி இரவும் மறுநாளும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே பெய்த பெருமழையை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, ஊர்கள் மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொதுமண்டபங்களிலும் தங்கினர். கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்னும் வினா எழுந்தது. அதனை ஆராய விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. அவ்வினாவுக்குள் யான் புகவில்லை. யான் கேட்பது வேறு. அன்று மாலை கனகராயன்குளத்திலே ஆறு எந்த உயரத்தில் ஓடியது? இருட்டிய பின் மணிக்கு எத்தனை அங்குலம் ஏறியது? இவற்றை ஊரார் எழுதிவைத்த ஏடு எங்கே? குளத்தின் கட்டிலே நின்று குளத்தை மட்டும் பார்ப்பவர், வந்துசேர்ந்த நீரையே காண்கின்றார். வந்துகொண்டிருக்கும் நீரைக் காண்பவர் ஆற்றங்கரையில் இருப்பவரே. அருவி ஆற்றின் கீழ்ப்புறத்திலே, மன்னார் மாவட்டத்தில் வாழ்வோருக்கு இது நன்கு தெரியும். அவ்வாறு மேலே மல்வத்து ஓயா என்னும் பெயரோடு வருகையில், தந்திரிமலையிலே நீர்ப்பாசனத் திணைக்களம் அளந்து அறிவிக்கும் நீர்மட்டம் வெள்ளக் காலங்களில் அவர்கள் கவனித்துக் கேட்கும் செய்தியாகும்.

மழையை அளந்தாற் போதாதா என்று சிலர் வினவலாம். போதாது. ஒரு சதுர மைல் நிலத்திலே ஓரங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 53 ஏக்கர் அடி நீர் விழுகின்றது. அது முழுவதும் ஆற்றுக்கு வருமா என்பதே கேள்வி. ஐப்பசியின் முதல் மழையை வெடித்த நிலம் குடித்துவிடும்; எஞ்சியதை மேலேயுள்ள சிறுகுளங்கள் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த அக்குளங்கள் நம் முன்னோர் ஆற்றுக்கு இட்ட கடிவாளங்கள். மார்கழியிலோ நிலம் ஊறிக்கிடக்கும். சிறுகுளங்கள் யாவும் வான் பாய்ந்துகொண்டிருக்கும். அப்போது அதே ஓரங்குல மழை பெய்தால் அதன் பெரும்பகுதி நேரே ஆற்றிலே வந்து விழும். மழைமானியிலே இரண்டு நாளும் ஒரே எண். ஆற்றிலே ஒரு நாள் முழங்கால், மற்றொரு நாள் பனையளவு வெள்ளம். ஆதலால் ஆற்றுக் குறிப்பேட்டிலே மேலுள்ள எந்தெந்தக் குளம் வான் பாய்கின்றது என்பதையும் ஒரு நிரலில் எழுதுதல் வேண்டும். இது எந்தக் கருவியும் வேண்டாத வேலை. அக்கம்பக்கத்துக் கமக்காரர் அனைவருக்கும் தெரிந்த செய்தி.

அளப்பது எவ்வாறு? அடியும் அங்குலமும், அன்றேல் மீற்றரும் சதமமீற்றரும் தீட்டிய ஒரு கோல் போதும். அதனை ஆறு நேராக ஓடும் இடத்திலே, அடித்துச்செல்ல முடியாத ஒன்றோடு பிணைக்க வேண்டும். பாலத்தின் தூண் மிகப் பொருத்தமானது; வீதி அபிவிருத்தி அதிகார சபையின் இசைவு பெறல் வேண்டும். கோலின் பூச்சியக் குறி, கோடையிலே ஆற்றுப்படுகையின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் கீழே அமைய வேண்டும். அந்தக் குறி, கரையிலுள்ள ஏதேனும் அசையாத கல்லுக்கோ கட்டடத்தின் படிக்கோ எத்தனை அடி கீழே உள்ளது என்பதை அளந்து எழுதிவைத்தலே இவ்வேலையின் உயிர். வெள்ளம் கோலைக் கொண்டுபோய்விட்டால், புதிய கோலைப் பழைய பூச்சியத்திலேயே நடலாம். இல்லையேல் இவ்வாண்டின் ஆறடியும் அடுத்த ஆண்டின் ஆறடியும் ஒன்றல்ல.

நீரின் உயரம் வேறு, ஓட்டம் வேறு. இதனைப் பலர் குழப்பிக்கொள்கின்றனர். கீழே மரம் விழுந்து அடைத்தால் நீர் உயரும், ஓட்டம் குறையும். ஓட்டத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கரையோரம் அறுபது அடி அளந்து இரு கழிகள் நடுக. மேற்கழிக்கு நேரே ஒரு தோடம்பழத்தை நீரிலிட்டு, கீழ்க்கழியை அடைய எத்தனை விநாடி என்று பார்க்க. முப்பது விநாடியாயின், விநாடிக்கு இரண்டடி. மேல்நீர் அடிநீரினும் விரைவாக ஓடுவதால் அதனை 0.85ஆற் பெருக்கினால் 1.7 அடி. ஆறு நாற்பதடி அகலமும் சராசரி இரண்டடி ஆழமும் உடையதாயின், குறுக்குப் பரப்பு எண்பது சதுர அடி. இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 136 கன அடி. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடும் நீர் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி. ஆகவே அந்த ஓட்டம் ஒரு நாளிலே இரணைமடுவுக்கு அனுப்பும் நீர், வழியில் இழப்பதைத் தள்ளாவிடில், 270 ஏக்கர் அடி. வெவ்வேறு உயரங்களிலே பலமுறை இவ்வாறு அளந்து ஒரு வரைபடத்திலே குறித்துவிட்டால், பின்பு கோலைப் பார்த்த மாத்திரத்திலே ஓட்டத்தைக் கூறிவிடலாம். ஆயின் படுகையில் மணலை அகழ்ந்துவிட்டால் அவ்வரைபடம் பொய்த்துவிடும். மணல் ஏற்றுபவர் ஆற்றின் மண்ணை மட்டுமன்றி ஆற்றின் கணக்கையும் சேர்த்தே ஏற்றிச் செல்கின்றார்.

எகிப்திலே நைல் நதியின் ரோடாத் தீவில் நீரளக்கும் கற்றூண் ஒன்று கி.பி. 861இல் எழுப்பப்பட்டது. அதிலே நீர் எத்தனை முழம் ஏறுகின்றதோ அதற்கேற்ப அவ்வாண்டின் நிலவரி அமைந்தது. நமது மாணவர்கள் நைலின் நீளத்தை ஒப்புவிப்பார்கள். தம்மூர் ஆறு எங்கே பிறக்கின்றதென்று கேட்டால் விழிப்பார்கள். தமிழகத்திலோ காவேரி நீருக்குக் கர்நாடகத்தோடு நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2018இல் இந்திய உயர்நீதிமன்றம் 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி என்று வகுத்த பங்கு, பிலிகுண்டுலு என்னும் இடத்து அளவீட்டிலேயே சரிபார்க்கப்படுகின்றது. அளவு இல்லாத இடத்திலே வழக்கு முடிவதில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் சிறுபோகத்துக்கு நீர் போதாதென்று எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தார் தாகத்தைக் காட்டினர். இருசாராரும் நம்மவரே. ஈற்றில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆறு எவ்வளவு கொண்டுவருகின்றது என்னும் நீண்ட கணக்கு கமக்காரர் கையிலும் இருந்திருந்தால், அந்த வாதம் அத்தனை கசப்பாக நடந்திராது என்பது என் கருத்து.

நீண்ட கணக்கு நம்மிடம் இல்லாமைக்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. போரின் ஆண்டுகளிலே, சிறப்பாக 2008, 2009இலே, வன்னி மக்கள் இடம்விட்டு இடம் பெயர்ந்தனர். காணி உறுதியையும் பிறப்புச் சான்றையும் மடியிலே கட்டிக்கொண்டு போனவர் பலர். ஆற்றின் கணக்கைக் கட்டிக்கொண்டு போக யாருக்கு மனம் வரும்? எனவே மீண்டும் முதல் வரியிலிருந்தே எழுத வேண்டியுள்ளது.

யார் எழுதுவது? கமக்காரர் அமைப்பினர் பொறுப்பேற்கட்டும். பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் துணை நிற்கட்டும். ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறுவேன்: வெள்ளம் வருகையிலே பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அனுப்பலாகாது. அந்நாட்களிலே பெரியவர் இருவர், கயிறும் விளக்கும் கொண்டு, பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்தல் வேண்டும். வெள்ளம் வடிந்தபின் மருதமரத்திலே சேறு பதிந்த கோட்டை அளந்து எழுதலாம். அது இரவிலே யாரும் காணாத உச்சத்தைக் காட்டும். சாதாரண நாளிலே காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒவ்வொரு வரி போதும். பெருமழையிலே மணிக்கொரு முறை. ஒரு மணி நேரத்திலே ஓரடிக்கு மேல் ஏறினால், இரணைமடுவிலுள்ள நீர்ப்பாசன அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கும் உடனே தொலைபேசியிற் சொல்ல வேண்டும்.

ஒன்றும் நிகழாத நாட்களிலும் எழுதுவதே கடினம். 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் வந்தபோது எல்லாரும் ஆற்றைப் பார்த்தோம். மழை ஓய்ந்தபின் பார்ப்பவர் அருகிவிட்டனர். ஆயினும் "இன்று இரண்டடி, தெளிந்த நீர், மழை இல்லை" என்று எழுதிய வரிகள் நூறு இருந்தாலன்றி, "இன்று ஒன்பதடி" என்னும் வரிக்குப் பொருள் இல்லை. புரட்டாதிக் கடைசியிலே ஆறு வற்றிக் கிடக்கும்போதே கோலை நட்டுவிட வேண்டும். ஐப்பசி மழை விழுந்த பின்பு பூச்சியக் குறிக்குக் குழி தோண்ட இயலாது.