கையொப்பத்துக்குப் பிறகு: கடல்சார் அரச சேவைகளின் பெறுகையும் ஒப்பந்த முகாமையும்

  

அரசு கடலுக்கென வாங்கும் கலங்கள் ஏன் அடிக்கடி கரையில் கிடக்கின்றன? கேள்விப்பத்திர ஊழலே காரணம் என்பது என் சகபாடிகள் நெடுநாளாகச் சொல்லும் விடை. மருந்தாக அவர்கள் காட்டுவது தேசிய பெறுகை ஆணைக்குழுவை. அது 2015 இல் இலங்கை அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தோடு வந்தது. 2020 இல் 20ஆம் திருத்தத்தோடு போனது. 2022 இல் 21ஆம் திருத்தத்தோடு மீண்டது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதன் காவல் பெரும்பாலும் கையொப்பம் வரைக்கும்; நம் தொல்லை அதற்குப் பிறகு தொடங்குகிறது.

நெடுந்தீவைப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். தீவாருக்கு அதுவே வீதி. ஆகவே வீதி அபிவிருத்தி அதிகார சபையே 'குமுதினி'யை நடத்தியது. 1985 மே 15 இல் அந்தப் படகில் நடந்த கொலைகளை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதன் பின்னும் குமுதினி பழுது பார்க்கப்பட்டு நெடுங்காலம் ஓடியது. அதன் உடைமையாளரான அதிகார சபையிடம் பொறியியலாளர் இருந்தனர். திறைசேரி ஒதுக்கீடும் இருந்தது.

2017 ஜனவரியில் 'நெடுந்தாரகை' வந்தது. உலக வங்கியும் ஆஸ்திரேலியாவும் துணைநின்ற திட்டத்தின் பணம். உடைமை நெடுந்தீவுப் பிரதேச சபைக்கு. கொடையாளர் கண்காணிப்போடு வந்த படகு. என் சகபாடிகளின் அளவுகோலில் இதைவிட நல்ல பெறுகை கிடையாது. ஆனால் எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், காப்புறுதி, இயந்திர உதிரிகள், கரையேற்றி அடிப்பாகம் பார்க்கும் செலவு? உப்புக்காற்றில் நிற்கும் இயந்திரத்துக்கு இவை ஆண்டுதோறும் வரும் கடன். சிறிய தீவொன்றின் சபைக்கு அதைச் சுமக்கும் வருமானம் எங்கிருந்து வரும்? படகு இலவசமாக வந்தது, படகோட்டம் இலவசமாக வரவில்லை. வாங்கும் விலையோடு கணக்கை முடித்தவர்கள், படகின் ஆயுட்காலச் செலவை யார் தலையில் வைப்பது என்று தீர்மானிக்கவில்லை. இதில் ஊழலைத் தேடி என்ன பயன்?

பணமுள்ள நாட்டிலும் கதை வேறல்ல. அமெரிக்கக் கரையோரக் காவல் படை 2002 இல் 'டீப்வோட்டர்' திட்டத்தை லொக்ஹீட் மார்ட்டின், நோர்த்ரொப் கிரமன் கூட்டிடம் ஒப்படைத்தது. மேற்பார்வையும் பெருமளவு அவர்களிடமே போனது. 110 அடிப் படகுகள் எட்டை 123 அடியாக நீட்டினார்கள், உடல் வளைந்தது. 2006 நவம்பரில் எட்டும் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. நட்டம் ஏறத்தாழ 10 கோடி டொலர். 2007 இல் படை பொறுப்பைத் திரும்ப எடுத்து, தனக்குள்ளேயே பெறுகைப் பணியகம் அமைத்தது. பேணினால் கலம் நிலைக்கும்: அதே படை 1968 இலிருந்து பேணி ஓட்டிய 'ஷேர்மன்' கப்பல், 2018 இல் நம் கடற்படைக்கு வந்து இன்று 'கஜபாகு'.

நேரம் முடிகிறது. மேலாய்வுக்குச் சில: ஒப்பந்த விலையோடு பதினைந்தாண்டுப் பராமரிப்பையும் எழுதுதல், தீவுப் படகுகள் அனைத்துக்கும் மாகாண மட்டத்தில் ஒரே பொறியியல் பிரிவு, உதிரிப்பாகம் பொருந்தும்படி ஒரே வகை இயந்திரம், கணக்காய்வில் ஓடிய நாள்களையும் சேர்த்தல். இளையோர் விரிக்கட்டும்.

பராமரிக்க ஆளும் பணமும் ஒதுக்காத எந்தப் பெறுகையிலும் அரசு கையொப்பமிடக் கூடாது.